பாண்டிச்செல்வியின் பாஸ்வேர்டு

தம்பி, உங்க போன்ல நெட் நல்லா வருதா? அந்த ஹாட்ஸ்பாட்டைக் கொஞ்சம் போட்டு விடுறீங்களா? ஒரு மெயில் பாக்கணும், அவ்வளவுதான். நாளைக்கு நாகர்கோவில் பக்கம் ஒரு பொண்ணுக்கு பிஎச்டி வைவா, நான்தான் வெளியில இருந்து போற எக்ஸாமினர். தீசிஸை இன்னும் முழுசாப் புரட்டலை. என் போன்லயும் டேட்டா இருக்கு, இல்லாம இல்ல. அது அவசரத்துக்குன்னு வச்சிருக்கேன். இதுக்கெல்லாம் எடுத்துட்டா நாளைக்கு ஒரு அவசரம்னா என்ன பண்றது?

பாஸ்வேர்டு என்ன? ம். வந்துருச்சு. இந்த டேப்லயும் ஒரு தடவை போட்டுக்கிறேன், தீசிஸ் இதுல படிச்சாத்தான் கண்ணுக்கு வசதி.

நீங்க பாட்டுக்கு உங்க வேலையைப் பாருங்க. பஸ்ல கூட லேப்டாப்பைத் திறந்துட்டீங்க, ஆபீஸ் மீட்டிங்கா? பாருங்க, பாருங்க. நான் ஒண்ணும் தொந்தரவு பண்ண மாட்டேன். அந்த லேப்டாப்பைப் பாத்ததும் எங்க பாண்டிச்செல்வி ஞாபகம் வந்துருச்சு, அதான். நினைச்சா இன்னும் வயிறு எரியுது தம்பி. நன்றின்னு ஒண்ணு இருக்கு பாருங்க, அது இந்தக் காலத்துப் பிள்ளைங்ககிட்ட இல்ல. உங்களைச் சொல்லலை.

நான் மதுரைப் பக்கம் ஒரு யூனிவர்சிட்டியில எகனாமிக்ஸ் புரொபசர். எதுன்னு கேக்காதீங்க. பாண்டிச்செல்வி என் ஸ்காலர், நான் அவளுக்கு கைடு. மானாமதுரைக்கு அங்கிட்டு ஒரு கிராமம். அப்பா சோணைமுத்து செங்கல் சூளையில மேஸ்திரி. அந்தக் குடும்பத்துல காலேஜ் வாசலை மிதிச்ச முதல் ஆள் இவதான். தீசிஸ் கண்மாய்ப் பாசனத்தைப் பத்தி. கண்மாய்த் தண்ணியில தலைமடைக்காரன் எவ்வளவு எடுக்கிறான், கடைமடைக்காரனுக்கு எவ்வளவு மிஞ்சுது, இந்த மாதிரி ஆராய்ச்சி. தலைப்பு நான் கொடுத்தது.

அவளை நான் ஸ்காலரா நடத்தினதே இல்ல. வீட்டுப் பிள்ளை மாதிரிதான். நாங்க கேம்பஸ் குவார்ட்டர்ஸுக்குக் குடி வந்தப்ப பால் காய்ச்சினதுல இருந்து சாமான் அடுக்கினது வரைக்கும் அவதான் கூட நின்னா. புது டிவியை மாட்டினதும் நெட் வேணும்னு என் சம்சாரம் சுகந்தி கேட்டா. குவார்ட்டர்ஸுக்குத் தனியா கனெக்‌ஷன் வேணும்னா அப்ளிகேஷன் போடணும், கையெழுத்துக்கு அலையணும், எனக்கு எங்க நேரம்? கேம்பஸ் வைஃபைக்கு ஆளுக்கொரு ஐடி கொடுத்திருக்காங்க, ஆனா என் ஐடியை வீட்டுல போட முடியாது. அதுல கொஸ்டின் பேப்பர், மார்க் எல்லாம் இருக்கு. பாஸ்வேர்டு விஷயத்துல நான் ரொம்பக் கறார், பெத்த பிள்ளைக்கும் கொடுக்க மாட்டேன். அதனால பாண்டிச்செல்வியே தன் ஐடியைப் போட்டு விட்டா. டிவியில, பையன் டேப்ல, சுகந்தி போன்ல. நான் கேக்கக்கூட இல்ல. உன் ஐடி சும்மாதானே கிடக்குன்னு சொன்னேன், அவ்வளவுதான். அது கிடக்கட்டும், அதுக்கும் இதுக்கும் சம்பந்தமில்ல. விஷயத்துக்கு வருவோம்.

அவ வைவாவுக்கு எக்ஸாமினர் சிவகௌரின்னு ஒரு அம்மா. யாழ்ப்பாணத்துக்காரங்க, நார்வேயில புரொபசர். நேர்ல வர முடியாது, வீடியோவுலதான் கேள்வி கேப்பாங்க. அவங்க ஊர்ல பொழுது விடிஞ்சு உக்காரணும்ல, அதனால நமக்கு மத்தியானம்னு வச்சாங்க. மறுநாளே ஏதோ ஆப்பிரிக்க நாட்டுக்குக் கிளம்புறாங்க, திரும்பி வர மாசக்கணக்காகும்னு முன்னாடியே சொல்லிட்டாங்க. இங்க பாண்டிச்செல்விக்கு ஒரு எய்டட் காலேஜ்ல வேலை உறுதியாகியிருந்துச்சு. பட்டம் முடிச்ச சர்டிபிகேட்டோட அந்த மாசக் கடைசிக்குள்ள வந்து சேரணும், இல்லேன்னா அடுத்த ஆளைக் கூப்பிட்டுருவோம்னு ஆர்டர். ஆக அந்த ஒரு மத்தியானம் வைவா நடந்தா வேலை இருக்கு, நடக்கலேன்னா இல்ல.

இந்த நேரம் பாத்து அவ லேப்டாப் நெட்ல நிக்க மாட்டேன்னுச்சு.

கனெக்ட் ஆகும், கொஞ்ச நேரம் ஓடும், பொசுக்குனு அறுந்துரும். மறுபடி பேரும் பாஸ்வேர்டும் போட்டா வரும். மறுபடி போயிரும். ஒத்திகை மாதிரி ஒரு நாள் வீடியோ போட்டுப் பேசச் சொன்னேன். அவ பேசிக்கிட்டே இருக்கா, திரையில வாய் திறந்தபடிக்கு உருவம் அப்படியே நிக்குது. எனக்குக் கோபம் வந்துருச்சு. ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம். சரியாப் படிக்காம நெட் மேல பழி போடுறாளோன்னு கூட நினைச்சேன்.

அப்புறம் நானே இறங்கினேன். எனக்குக் கம்ப்யூட்டர் அவ்வளவா தெரியாது, ஆனா எதுக்கும் முறைன்னு ஒண்ணு இருக்குல்ல. ஒவ்வொண்ணாக் கழிச்சுக்கிட்டே வரணும், கடைசியில மிஞ்சுறதுதான் குற்றவாளி. முதல்ல அணைச்சுப் போடச் சொன்னேன். அடுத்து அந்த வைஃபை பேரையே லேப்டாப்புல இருந்து அழிச்சிட்டுப் புதுசாச் சேக்கச் சொன்னேன். தேதி, நேரம் சரியா இருக்கான்னு பாத்தோம், அது தப்பா இருந்தாலும் உள்ள விடாதாம். எங்க வராண்டாக் கூரையில ஒரு வெள்ளைப் பெட்டி பச்சை விளக்கோட இருக்கும், சிக்னல் அதுல இருந்துதான் வருது. அதுக்கு நேர் கீழ நாற்காலியைப் போட்டு உக்கார வச்சேன். போற வர்ற பசங்க பாத்துச் சிரிச்சானுங்க, அவ தலையைக் குனிஞ்சுக்கிட்டா. அங்கயும் அறுந்துச்சு. டவுனுக்குக் கொண்டு போய் லேப்டாப்பை பார்மட் பண்ணிட்டு வரச் சொன்னேன், பண்ணிட்டு வந்தா. அப்பவும் அதே கதைதான்.

ஒரு வினோதம் என்னன்னா, காலையில நல்லா வரும். மத்தியானம் ஆனா போயிரும். வெயில் ஏறினா அந்தப் பெட்டி சூடாகுதுன்னு நினைச்சேன். வீட்டுலயும் அதே நேரத்துலதான் கோளாறு. சுகந்தி மத்தியானம் சீரியல் போட்டா நடுவுல வட்டம் சுத்திக்கிட்டே நிக்கும், பையன் வீட்டுல இருந்தே நீட் கோச்சிங் படிக்கிறான், அவனும் கத்துவான். அதுக்காக நான் கம்ப்யூட்டர் சென்டருக்குப் புகார் கூடக் கொடுத்திருக்கேன், குவார்ட்டர்ஸுக்கு நெட் ஒழுங்கா வர்றதில்லைன்னு.

என்ன தம்பி, மீட்டிங் கட்டாகுதா? இந்த ரோட்டுல டவர் அப்படித்தான். எனக்கு நல்லாத்தான் வருது. சுகந்தி ஒரு கல்யாண வீடியோ அனுப்பியிருக்கா, இறங்கிக்கிட்டு இருக்கு.

ஆங், எங்க விட்டேன்? நடுவுல ஒரு நாள் வீட்டுல சுத்தமா நெட்டே இல்ல. டிவி, டேப், போன் எல்லாம் செத்துப் போச்சு. சுகந்தி எனக்கு போன் போட்டுப் புலம்பித் தீத்துட்டா, பையனுக்கு அன்னைக்கு டெஸ்ட் வேற. விசாரிச்சா, பாண்டிச்செல்வி பாஸ்வேர்டை மாத்தியிருக்கா. எனக்கு எப்படி இருக்கும்? கூப்பிட்டுக் கேட்டேன், ஏம்மா, வைவாவை வச்சுக்கிட்டு இப்படி யார்கிட்டயும் சொல்லாம மாத்தலாமான்னு. பாதுகாப்புக்கு மாத்தினேன் சார்னா. நம்ம வீட்டுல என்னம்மா பாதுகாப்புன்னேன். சாயங்காலமே வந்து மூணுலயும் புதுசைப் போட்டு விட்டுட்டுப் போனா. சுகந்தி காபி போட்டா, குடிக்காமப் போயிட்டா. அப்பவே நான் கவனிச்சிருக்கணும், அவ போக்கு மாற ஆரம்பிச்சிருச்சு.

கடைசியில கம்ப்யூட்டர் சென்டர்ல செல்வின்ங்கிற ஒருத்தன் இருக்கான், நெட்வொர்க் அவன் பொறுப்பு. அவன்கிட்ட அவளை இழுத்துக்கிட்டுப் போனேன். அவன் இவ லேப்டாப்புல தன் ஐடியைப் போட்டான். மத்தியானம் பூரா ஜம்முன்னு ஓடுச்சு. இவ ஐடியைத் தன் லேப்டாப்புல போட்டான், அறுந்துச்சு. ஆக லேப்டாப் மேல குற்றமில்ல, ஐடியிலதான் கோளாறு. நான் சொன்ன முறைதான், கழிச்சுக் கழிச்சு வந்துட்டோம் பாருங்க. அப்பத்தான் அவன் சொன்னான்.

“ஒரு ஐடிக்கு மூணு கருவிதான் சார். நாலாவது வந்தா இருக்கிறதுல ஒண்ணைத் தள்ளி விட்டுட்டுத்தான் உள்ள வரும். தள்ளி விட்டது சும்மா இருக்குமா, அது திரும்ப வர்றதுக்கு இன்னொண்ணைத் தள்ளும். இவங்க ஐடியை வேற யாரோ உபயோகிக்கிறாங்க.”

வேற யாரோ. எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. ஒரு வயசுப் பொண்ணு தன் பாஸ்வேர்டை வேற யாருக்கோ கொடுத்திருக்கான்னா என்ன அர்த்தம்? நான் அவளைத் திரும்பிப் பாத்தேன். திருடனுக்குத் தேள் கொட்டின மாதிரி நிக்கிறா. செல்வின் இன்னும் ஒண்ணு சொன்னான், எந்தக் கட்டடத்துல இருந்து வர்றாங்கன்னு இங்கயே தெரியும், பாத்துச் சொல்லவான்னு. அவன் கை கீபோர்டுக்குப் போகுது, இவ பதறிப் போயிட்டா.

“வேண்டாம் சார். நான் பாத்துக்கிறேன்.”

நீங்களே சொல்லுங்க தம்பி. மடியில கனமில்லேன்னா வழியில எதுக்குப் பயம்? ஆம்பளைங்க ஹாஸ்டலா இருக்கும்னு நான் அந்த இடத்துலயே முடிவு பண்ணிட்டேன். ஒரு பொண்ணோட மானம்னு செல்வின் முன்னாடி நானும் மேல கேக்கலை. வெளியில வந்து கேட்டேன். யாரும்மா அதுன்னேன். யாரும் இல்ல சார்னா. நான் நல்லதுக்குத்தான் கேக்குறேன்னேன். தெரியும் சார்னா. அந்தத் தெரியும் சாரை அவ சொன்ன விதம் எனக்குப் பிடிக்கலை.

சோதனைக்குத் தவிர தன் ஐடியை அடுத்தவங்களுக்குப் போடக் கூடாதாம், அதனால வைவாவுக்கு மட்டும் ஒரு கெஸ்ட் ஐடி போட்டுத் தர்றேன்னு செல்வின் சொன்னான், சென்டர் டைரக்டர்கிட்ட ஒப்புதல் வாங்கினாப் போதும்னான். நான்தான் வேண்டாம்னுட்டேன். யூனிவர்சிட்டி வைவாவை விருந்தாளி ஐடியில நடத்தினா நாளைக்கு எவனாவது ஆட்சேபணை பண்ணுவான். அதோட, தப்புப் பண்ணினவ தானே அதைச் சரி பண்ணிக்கட்டும், அந்தப் பையனை விலக்கி விடட்டும்னு நினைச்சேன். அவ கேட்டா, சார், உங்க ஐடியில நடத்திக்கலாமான்னு. எவ்வளவு தைரியம் பாருங்க. பாஸ்வேர்டோட அருமை தெரியாதவகிட்ட என் பாஸ்வேர்டையா கொடுக்கிறது?

அன்னைக்கே அவ அப்பாவுக்கு போன் பண்ணிட்டேன். பெத்தவருக்குத் தெரியணும்ல. உங்க பொண்ணு பாஸ்வேர்டை யாருக்கோ கொடுத்து வச்சிருக்கா, அதனால வைவாவே நடக்குமா நடக்காதான்னு ஆகிப் போச்சு, யாருன்னு கேளுங்கன்னேன். பின்னாடி சூளையில யாரோ கத்துற சத்தம்தான் கேட்டுச்சு. அப்புறம் கேக்குறேங்க சார்னு சொல்லி வச்சிட்டாரு. மறுநாள் அவ வந்தப்ப கண்ணு ரெண்டும் வீங்கியிருந்துச்சு. என்னை நேராப் பாக்கலை. அதுக்கப்புறம் என்கிட்ட வேலை விஷயம் தவிர ஒரு வார்த்தை பேசலை. குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கத்தானே செய்யும்.

வைவா அன்னைக்கு எங்க செமினார் ஹால் நிறைஞ்சிருந்துச்சு. அது தரைக்குக் கீழ இருக்கிற தளம், போன் டவர் எட்டாது. சுவத்துல இருந்த கேபிளை எலி கடிச்சு ரொம்ப நாளாச்சு, வைஃபையை விட்டா வேற வழியில்ல. செல்வினையும் பக்கத்துல வந்து நிக்கச் சொல்லியிருந்தேன். சோணைமுத்து வெள்ளை வேட்டி சட்டையில கடைசி வரிசையில உக்காந்திருந்தாரு. காலுக்கடியில ஒரு பெரிய அட்டைப் பெட்டி. வைவா முடிஞ்சா எல்லாருக்கும் ஸ்வீட், காரம், டீ கொடுக்கிறது ஸ்காலர் வீட்டு வழக்கம். அந்தப் பெட்டியைப் பாத்ததும் வைவா நடக்கணுமேன்னு நானே வேண்டிக்கிட்டேன்.

தொடக்கம் நல்லாத்தான் இருந்துச்சு. அந்தம்மா திரையில வந்தாங்க, வணக்கம் சொன்னாங்க, பாண்டிச்செல்வி தன் ஆராய்ச்சியை எடுத்துச் சொன்னா. நடுவுல ஒரு தடவை அறுந்துச்சு, சேத்தோம். அப்புறம் அந்தம்மா ஒரு கேள்வி கேட்டாங்க. கடைமடைக்காரன் தனக்குத் தண்ணி வரலைன்னு தெரிஞ்சும் ஏன் புகார் கொடுக்கிறதில்லன்னு. நல்ல கேள்வி. இவ பதில் சொல்ல வாயைத் திறந்தா, திரை செத்துருச்சு.

சேத்தா. வந்துச்சு. அந்தம்மா கேள்வியைத் திருப்பிச் சொல்ல ஆரம்பிச்சாங்க, போச்சு. மறுபடி சேத்தா, போச்சு. ஒரு தடவை அந்தம்மா குரல் மட்டும் வந்துச்சு, எனக்கு இன்னும் கொஞ்ச நேரம்தான் இருக்கு, முடியலேன்னா நான் ஆப்பிரிக்கா போயிட்டுத் திரும்பினதும் வச்சுக்குவோம்னு. அதுக்குள்ள அதுவும் போச்சு. செல்வின் என் காதுகிட்ட வந்து, இப்ப கெஸ்ட் ஐடிக்குப் போனா டைரக்டரே ஊர்ல இல்ல சார்னான்.

எனக்கு ரத்தம் கொதிச்சுருச்சு. என் ஸ்காலர், என் பேர், என் டிபார்ட்மென்ட். எல்லாரும் என் மூஞ்சியைப் பாக்குறாங்க. மைக்கை வாங்கினேன். இப்பவாவது சொல்லும்மா, உன் அப்பா உக்காந்திருக்காரு, எல்லாரும் இருக்காங்க, யாருக்குப் பாஸ்வேர்டைக் கொடுத்து வச்சிருக்கே, அவனை இப்பவே அணைக்கச் சொல்லுன்னேன். கடைசி வரிசையில சோணைமுத்து எழுந்து நின்னுட்டாரு.

அவ லேப்டாப்புல இருந்து கையை எடுத்தா. அப்பாவைப் பாத்தா. அப்புறம் அத்தனை நாள் கழிச்சு என்னை நேராப் பாத்தா. சத்தமாக்கூடப் பேசலை.

“சார், மேடத்துக்கு ஒரு போன் போட்டு, டிவியை மட்டும் கொஞ்ச நேரம் நிறுத்தச் சொல்றீங்களா?”

செல்வின் தரையைப் பாத்துக்கிட்டு நிக்கிறான். நான் ஒரு பெரிய விஷயத்தைக் கேக்குறேன், இவ என் வீட்டு டிவியைச் சொல்றா. ஆனா பிள்ளை பதட்டத்துல இருக்கா, அவ திருப்திக்காவது செய்வோம்னு படியேறி வாசல் வரைக்கும் போனேன். அந்த நடை இருக்கே தம்பி, அத்தனை பேர் கண்ணும் என் முதுகுல. சுகந்தி போனை எடுத்தா, பின்னாடி சீரியல் அழுகை கேக்குது. டிவியை அணைன்னேன். ஏங்க, முக்கியமான கட்டம்னா. அணைடின்னு கத்திட்டேன். என் கல்யாண வாழ்க்கையில அவகிட்ட அப்படிக் கத்தினதே இல்ல.

திரும்பி வந்தா அந்தம்மா திரையில தெளிவா உக்காந்திருக்காங்க. அதுக்கப்புறம் அறுபடவே இல்ல. தற்செயல்தான். வெயில் தாழ்ந்திருக்கும், பெட்டி சூடு குறைஞ்சிருக்கும். செல்வின்கிட்ட ஏதாவது விளக்கம் கேக்கலாம்னு பாத்தேன், அவன் ஹாலோட பின்பக்கமா நழுவிட்டான். அந்தம்மா அதே கேள்வியைத் திரும்பக் கேட்டாங்க. பாண்டிச்செல்வி நிதானமாச் சொன்னா, தண்ணியை எடுக்கிறவர்கிட்டயே போய்த்தான் புகார் கொடுக்கணும்னு இருக்கும்போது கடைமடைக்காரன் எப்படிப் புகார் கொடுப்பான்னு. அந்தம்மா ரொம்ப மெச்சினாங்க. ஹால்ல எல்லாரும் எதுக்கோ என்னைத் திரும்பிப் பாத்தாங்க. ஸ்காலர் பெருமைதானே கைடு பெருமை.

பாஸ் பண்ணிட்டா. கை தட்டினாங்க. சோணைமுத்து பெட்டியைப் பிரிச்சு எல்லாருக்கும் கொடுத்துக்கிட்டு வந்தாரு. என்கிட்ட வந்து நின்னாரு.

“யாருக்குக் குடுத்தான்னு போன்ல கேட்டீங்களே சார். தெரிஞ்சுதுங்களா?”

நான் பெருந்தன்மையா, விடுங்க, முடிஞ்ச கதை, நான் மனசுல வச்சுக்கலைன்னு சொன்னேன். நல்லதுங்கன்னு சொல்லிட்டு, எனக்கு ஒரு பொட்டலம் கொடுத்துட்டு, இன்னொண்ணையும் கையில வச்சாரு. இது வீட்டுல மேடத்துக்கு, பாவம், முக்கியமான கட்டத்துல நிறுத்திட்டாங்கன்னாரு. வாசல் வரைக்கும் பின்னாடியே வந்து கேட்டுட்டு இருந்திருக்காரு மனுஷன், சுகந்தி குரல்தான் போனைத் தாண்டிக் கேக்குமே. அதைக் கூட நான் தப்பா எடுத்துக்கலை. படிக்காதவங்க பாசம் அப்படித்தான்.

இதெல்லாம் விடுங்க, என் வயித்தெரிச்சல் இது இல்ல. நான் சொல்ல வந்ததே வேற. அன்னைக்கு நான் வீட்டுக்குப் போய்ச் சேர்றேன், வீட்டுல நெட் இல்ல. டிவி இல்ல, டேப் இல்ல, சுகந்தி போன் இல்ல. மாத்திட்டா. வேலை முடிஞ்சதும் மாத்திட்டா தம்பி. போன் போட்டேன், எடுக்கலை. மெசேஜ் போட்டேன், பாத்துட்டா, பதிலில்ல. இன்னைக்கு வரைக்கும் இல்ல. ஏறின ஏணியை எட்டி உதைக்கிறதுன்னா இதுதான். எத்தனை வருஷம் வீட்டுப் பிள்ளையா நினைச்சேன், ஒரு பாஸ்வேர்டுக்குப் பெறாதவனா போயிட்டேன். எனக்கு அழுகையே வந்துருச்சு, உங்ககிட்ட சொல்றதுக்கென்ன.

இருங்க, கல்யாண வீடியோ பாதியில நிக்குது. டேப்லயும் நின்னுருச்சு. ஏன் தம்பி, நெட் போயிருச்சா? உங்களுக்கு வருதா? வருதுல்ல, மீட்டிங்ல பேசிட்டு இருக்காங்களே. அப்ப எனக்கு மட்டும் ஏன் வரலை? அணைச்சுப் போட்டுப் பாக்குறேன். உங்க ஹாட்ஸ்பாட் பேரையே காணோமே இதுல. போன்ல இருந்து லேப்டாப்புக்கு ஒரு வயர் வேற போகுது. தம்பி, உங்களைத்தான். அந்த ஹெட்போனைக் கொஞ்சம் கழட்டுங்க.